பூட்டிய கார் தானே திறந்துகொள்வது ஏன்? வாசகர் கேள்விகளுக்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பதில்கள்

மழை தொடங்கிவிட்டால் மதுரையில் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி, கதவு பூட்டுப் பிரச்சினையோடுதான் வரும். இந்த மாதம் வந்த கடிதங்களும் அப்படியே. ரிமோட், சென்டர் லாக் (எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டித் திறக்கிற அமைப்பு) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவை அடுத்த இதழில்.

ரிமோட்டில் பூட்டினால் ‘டக்’ என்று பூட்டுகிறது, அடுத்த நொடியே ‘டக்’ என்று திறந்துவிடுகிறது. சில நாள் ஒழுங்காக இருக்கிறது, சில நாள் பத்து தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. வண்டி வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பி.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு பள்ளி ஆசிரியை, தேனி

இப்போதைக்கு மாற்றாதீர்கள், அம்மா. பி.சி.எம். என்பது கதவு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிற பெட்டி. அது கெட்டுப்போவது உண்டுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற அடையாளத்தைப் பார்த்தால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அதற்குத் தகவல் போனால், பூட்டியதைத் திரும்பத் திறந்துவிட வேண்டும் என்றுதான் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘பெட்டி கெட்டுவிட்டதா’ என்பதல்ல, ‘எந்தக் கதவு பொய்த் தகவல் அனுப்புகிறது’ என்பது.

அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இருட்டியபிறகு காரில் உட்கார்ந்து எல்லாக் கதவையும் சாத்துங்கள். மேலே இருக்கிற ரூம் லைட்டின் சுவிட்சை ‘டோர்’ என்ற நிலையில் வையுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து முழங்கையால் தள்ளிப் பாருங்கள். விளக்கு மினுக்கினாலோ, டேஷ்போர்டில் கதவு திறந்திருக்கும் படம் வந்து போனாலோ, அந்தக் கதவுதான். டிக்கிக் கதவையும் விட்டுவிடாதீர்கள், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கதவு தெரிந்துவிட்டதா? சரி, இனி பார்க்க இரண்டு இடம். முதலாவது, கதவின் ஓரத்தில் இருக்கிற பூட்டு. பழைய வண்டிகளில் கதவு மூடியிருப்பதைச் சொல்கிற சுவிட்ச் கதவையொட்டிய பாடித் தூணில் தனியாக, ரப்பர் தொப்பி போட்டு இருக்கும். இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது பூட்டுக்குள்ளேயே சின்ன மைக்ரோ சுவிட்சாக இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் கொக்கியை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் உள்பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு தடவை ‘கிளிக்’ சத்தம் வரும். வண்டியைப் பொறுத்தவரை கதவு இப்போது மூடிவிட்டது. விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றாலோ, தட்டினால் மட்டும் அணைகிறது என்றாலோ, சுவிட்சில் அழுக்கு அல்லது தேய்மானம். கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே) அடித்து, காய்ந்த பிறகு வெள்ளை கிரீஸ் கொஞ்சம் வைத்தால் பாதி வண்டிகளில் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் கதவின் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைத் திரும்பத் திறந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் மூடிய கொக்கி தூணில் இருக்கிற வளையத்தில் போய் மோதி, பூட்டே உடைந்துபோகும்.

இரண்டாவது இடம், ஒன்பது வருட வண்டி என்றால் நான் முதலில் கை வைக்கிற இடம்: டிரைவர் கதவுக்கும் தூணுக்கும் நடுவே போகிற சுருக்கம் சுருக்கமான ரப்பர் குழாய். கதவுக்குப் போகிற வயர் எல்லாம் அதற்குள்தான் போகிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அத்தனை வயரும் அங்கே வளைந்து நிமிர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதேதான் நடக்கிறது. விசேஷம் என்னவென்றால், உள்ளே செம்பு இழை அறுந்துவிடும், மேல் உறை அப்படியே முழுதாக இருக்கும். கண்ணால் பார்த்தால் நல்ல வயர். கதவு ஒரு கோணத்தில் இருக்கும்போது இழைகள் தொட்டுக்கொள்ளும், இன்னொரு கோணத்தில் விலகிக்கொள்ளும். ‘சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை’ என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. அதே கதவின் பவர் விண்டோவோ, ஸ்பீக்கரோ, கண்ணாடி மோட்டாரோ அவ்வப்போது மக்கர் செய்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான்.

மெக்கானிக்கிடம் ரப்பரைத் தூண் பக்கத்திலிருந்து பிதுக்கிக் கழற்றச் சொல்லுங்கள். வயரை ஒவ்வொன்றாக இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த வயரின் உறை மட்டும் கையோடு நீண்டு மெலியும். பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள், சந்தேகமே இருக்காது.

சரிசெய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் சில மாதங்களில் திரும்ப வரும். அங்கேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் தப்பு. ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போய், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும். ரப்பர் குழாய்க்குள் வளைகிற பகுதி முழுவதற்கும் அதே கனத்தில், மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயர் போட வேண்டும். ஜாயின்ட் இரண்டும் குழாய்க்கு வெளியே, ஒன்று கதவுக்குள், ஒன்று தூணுக்குள் இருக்க வேண்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற உறை. பல வயர்கள் போயிருந்தால் ஜாயின்ட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வைக்க வேண்டும். இதற்கு அரை நாள் கூலி கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். பெட்டி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இவ்வளவும் பார்த்தபிறகும் சரியாகவில்லை என்றால்தான் பி.சி.எம். பக்கம் போக வேண்டும். யாராவது பெட்டி போய்விட்டது என்று சொன்னால், ‘எந்த வயரில் எவ்வளவு வோல்ட் பார்த்தீர்கள்’ என்று கேளுங்கள். அளந்து பார்த்தவரிடம் பதில் இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. காரின் தரை விரிப்பு நனைந்தது. காயவைத்து ஓட்டினோம், நன்றாகவே இருந்தது. இப்போது நடுராத்திரியில் தானாகப் பூட்டித் திறக்கிறது. மழை பெய்தால் அதிகமாகிறது.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் பக்கம் பெய்த மழையில் நனைந்த வண்டிகளை இன்னும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வடிந்துவிடும், ஆனால் வயர்களை இணைக்கிற பிளக்குகளான கப்ளர்களுக்குள் தொடங்கிய களிம்பு நிற்காது. பச்சையாகப் பூத்து, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். ஈரக்காற்று பட்டதும் பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே அந்தக் களிம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். அந்தக் கசிவைப் பெட்டி ‘யாரோ பூட்டு சுவிட்சை அமுக்குகிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் உப்புக்காற்று வேறு.

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரு ராத்திரிக்கு இரண்டு ரிமோட்டிலிருந்தும் செல்லைக் கழற்றி வைத்துவிட்டு, காரைச் சாவியால் பூட்டுங்கள். அப்படியும் தானாகத் திறந்தால் கோளாறு காரில். திறக்கவில்லை என்றால் கோளாறு ரிமோட்டில்: பட்டன் அமுங்கிக்கொண்டிருக்கலாம், உள்ளே ஈரம் இருக்கலாம், குழந்தைகள் கையில் சிக்கியிருக்கலாம். செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் எவரும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கக் கூடாது.

காரில்தான் என்றால், விரிப்பை மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்து ‘காய்ந்திருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். அதன் அடியில் இருக்கிற பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முன் சீட்டுகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, கதவு நிலைப்படி ஓரமாகப் போகிற வயரிங்கையும், முன்னால் கால் வைக்கிற இடத்தின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிற கப்ளர்களையும், பாடியில் போல்ட் போட்டிருக்கிற எர்த் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு கப்ளர்களைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, பாடியில் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் திரும்பப் போட வேண்டும்.

மழையில் அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னும் தண்ணீர் உள்ளே வருகிறதா என்றும் பாருங்கள். போனட்டைத் திறந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற தொட்டியில் இரண்டு ஓரமும் தண்ணீர் வெளியேறும் வழி இருக்கும். வேப்பிலையும் புங்க இலையும் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி, வயர் போகிற துளை வழியாக உள்ளே இறங்கும். மரத்தடியில் நிறுத்துகிற எல்லோருக்கும் சொல்கிறேன், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் அந்தத் தொட்டியை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள்.

செல் புதிதாக மாற்றியும் ரிமோட் வேலை செய்யவில்லை.
– ஈரோடு

என்ன எண் செல் போட்டீர்கள் என்று பாருங்கள். 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். 2025 செல்லும் அதே அகலம்தான், தடிமன் மட்டும் 2.5 மி.மீ. மாற்றிப் போட்டால் தகட்டைச் சரியாகத் தொடாது. எண் சரி என்றால் மீட்டரில் அளந்து பாருங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கடையில் பல வருடம் தொங்கியது குறைவாகத்தான் காட்டும். ஸ்பேர் சாவியின் ரிமோட் வேலை செய்தால் காரில் குறை இல்லை. அப்படியானால் காருக்கும் இந்த ரிமோட்டுக்கும் இடையே கணக்கு பிசகியிருக்கலாம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ரிமோட் புதுப்புது எண்ணை அனுப்புகிறது. காருக்கு எட்டாத தூரத்தில் திரும்பத் திரும்ப அமுங்கியிருந்தால் ரிமோட் வெகுதூரம் முன்னே போய்விடும். திரும்ப இணைக்கும் முறை உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

எங்கள் ஆபீஸ் கட்டடத்துப் பார்க்கிங்கில் மட்டும் ரிமோட் வேலை செய்வதில்லை. வெளியே கொண்டுவந்தால் நன்றாக வேலை செய்கிறது. பக்கத்தில் நிற்கிற மற்ற வண்டிக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம்?
– ஒரு ஐ.டி. ஊழியர், கோவை

மற்றவர்களும் சொல்கிறார்கள் என்று எழுதினீர்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. ஒரே இடத்தில் பல வண்டி பாதிக்கப்பட்டால் கோளாறு எந்த வண்டியிலும் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது.

நம் நாட்டுக் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. லைசென்ஸ் வேண்டாத அலைவரிசை அது. அதனால் வயர்லெஸ் காலிங் பெல், தானியங்கி கேட் ரிமோட், சில சென்சார்கள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. அதில் ஒன்று கெட்டுப்போய் இடைவிடாமல் அலை அனுப்பிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கிற கார்களுக்கு ரிமோட் சொல்வது கேட்காது. மட்டமான எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற ‘டிரைவர்’ என்ற சின்னப் பெட்டிகளும் இப்படி இரைச்சல் கிளப்பும்.

2019-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் சில தெருக்களில் கார் ரிமோட்டும் கராஜ் கதவு ரிமோட்டும் ஒட்டுமொத்தமாக வேலை செய்யாமல் போயின. வாரக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் அந்தப் பகுதியில் குடியிருந்த ஒருவர், வீட்டின் மாடியில் ஆள் இருந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்று தானே செய்து வைத்திருந்த ஒரு சின்னக் கருவிதான் காரணம் என்று தெரிந்தது. அது 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுக் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் அந்த அலைவரிசைதான். பேட்டரியைக் கழற்றியதும் எல்லா ரிமோட்டும் வேலை செய்தன.

உங்கள் கட்டடப் பராமரிப்பு ஆட்களிடம் சொல்லி, பார்க்கிங் விளக்குகளையும் கேட் ரிசீவரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதை அணைத்ததும் ரிமோட் வேலை செய்கிறதோ அதுதான். அதுவரை கதவருகே போய் அமுக்குங்கள், இல்லாவிட்டால் சாவி போட்டுத் திறங்கள்.

இதே குறை ஒரே ஒரு வண்டிக்கு மட்டும், போகிற இடமெல்லாம் வருகிறது என்றால் அந்த வண்டிக்குள் தேட வேண்டும். விலை குறைந்த மொபைல் சார்ஜரையும் டேஷ் கேமராவையும் பிடுங்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய ஒரு சார்ஜர், ரிமோட்டின் எட்டும் தூரத்தை இரண்டு அடியாகக் குறைத்ததை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

சாவியைச் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், கார் தானாகப் பூட்டிக்கொண்டது. என் இரண்டு வயது மகள் உள்ளே. நல்லவேளையாகக் கணவர் ஸ்பேர் சாவியோடு வந்துவிட்டார். ஏன் இப்படி ஆகிறது?
– ஒரு தாய், திருநெல்வேலி

ரிமோட்டில் திறந்துவிட்டு 30 விநாடிபோல எந்தக் கதவையும் திறக்காவிட்டால், தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளும்படி பல வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். தேனி அம்மாவின் பிரச்சினைக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. நீங்கள் கதவைத் திறந்திருந்தாலும், அந்தக் கதவின் சுவிட்ச் தகவல் அனுப்பவில்லை என்றால் பெட்டிக்கு அது தெரியாது. நேரம் முடிந்ததும் பூட்டிவிடும். இந்த வாரமே அந்த சுவிட்சைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வெளியே வாங்கிப் போட்ட சென்டர் லாக் என்றால், தானாகப் பூட்டும் வசதியை நிறுத்த முடியுமா என்று போட்டவரிடம் கேளுங்கள்.

இதை எல்லாத் தாய் தகப்பன்களுக்கும் சொல்கிறேன். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிபோல வெப்பம் ஏறிவிடும். திருநெல்வேலி வெயிலுக்கு அது என்னவென்று உங்களுக்கே தெரியும். குழந்தை உள்ளே சிக்கி, ஸ்பேர் சாவி உடனே கைக்கு எட்டாவிட்டால், மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 112-க்கு ஒருவர் போன் செய்யட்டும், இன்னொருவர் குழந்தைக்கு அதிக தூரத்தில் இருக்கிற பக்கக் கண்ணாடியின் ஓரமான மூலையில் கூர்மையான கனத்த பொருளால் அடித்து உடைக்கட்டும். முன் கண்ணாடியில் அடிக்காதீர்கள், அது விரிசல் விடுமே தவிர வழி விடாது. கண்ணாடி போனால் போகட்டும்.

கடையில் ரிமோட் சென்டர் லாக் போட்டபிறகு, இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதியது.
– ஒரு வாசகர், சேலம்

அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வண்டி நிற்கும்போது எவ்வளவு கரன்ட் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் சரி. சின்னக் கார்களில் இருக்கிற 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 30 மில்லி ஆம்பியருக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். 300 ஆனால் ஐந்தே நாளில் முழுக்கக் காலி. செல்ஃப் எடுக்காமல் போவதற்கு அதில் பாதி நாள் போதும். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது, பாருங்கள்.

மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே இணைக்க வேண்டும். கதவுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடி, வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் அசையாமல் விட வேண்டும். பெட்டிகள் எல்லாம் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகும். உடனே பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த ஃபியூஸில் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியில் கசிவு.

வெளியில் போட்ட சென்டர் லாக்கில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு குறை. இன்டிகேட்டருக்கும் ரூம் லைட்டுக்கும் போகிற வயரை வண்டியின் வயரில் சுரண்டிச் சுற்றி டேப் ஒட்டியிருப்பார்கள், அது தளர்ந்திருக்கும். அல்லது டிரைவர் கதவில் இருக்கிற பூட்டை இழுத்துத் தள்ளுகிற ஐந்து வயர் மோட்டாரின் தண்டு பாதியில் சிக்கி நிற்கும். பூட்டா, திறப்பா என்று முடிவு தெரியாமல் பெட்டி தூங்காமலே விழித்திருக்கும். தண்டை இணைக்கிற கிளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்டு முழு தூரமும் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களுடையது பட்டன் ஸ்டார்ட் கார். சாவியின் செல் வழியில் தீர்ந்துபோனால் என்ன செய்வது?
– நாகர்கோவில்

சாவிக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். ஓரத்தில் இருக்கிற குட்டிப் பொத்தானை நகர்த்தி உருவுங்கள். டிரைவர் கதவில் சாவித் துவாரம் தெரியாவிட்டால், கைப்பிடியின் ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். திறக்கும்போது சில வண்டிகளில் அலாரம் அடிக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அமுக்குங்கள். சாவிக்குள் இருக்கிற சிப்புக்குச் செல் தேவையில்லை, பக்கத்தில் வந்தால் கார் அதை அடையாளம் கண்டுகொள்ளும். சில வண்டிகளில் சாவி வைக்கும் இடம் ஸ்டியரிங் தண்டின் மேலோ கப் வைக்கும் குழியிலோ இருக்கும். இன்று சாயங்காலமே கையேட்டைப் பார்த்து உங்கள் வண்டியில் அது எங்கே என்று தெரிந்துகொண்டு, வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.